ஆண் பூ காய்க்காது

டிசம்பர் 10, புதன்

எட்டாம் வகுப்புக்குத் தாவர இனப்பெருக்கம் ஆரம்பித்தாயிற்று. போன வாரம் பார்வையிட வந்த அதிகாரி, "பிள்ளைங்க நல்லா ஒப்பிக்குதுங்க தமயந்தி மேடம், ஆனா படிச்ச விதியை ஒரு செடியில பொருத்திப் பாக்கத் தெரியலையே" என்று தலைமையாசிரியர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒருத்தர் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னதில்லை. எனக்கு வந்ததே கோபம்! பொருத்திக் காட்டுகிறேன் பார் என்று, இன்று வரும் வழியில் நாச்சிமுத்து காட்டில் இரண்டு பூசணிப்பூவைப் பறித்துக்கொண்டு போனேன்.

நாச்சிமுத்து என் வகுப்பு கனிஷ்காவின் அப்பா. இத்தனை காலம் வெங்காயம் போட்டவர், இந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பூசணி போட்டிருக்கிறார். ஊரில் பூசணிக் காடு என்றால் அது ஒன்றுதான்.

ஆண் பூவையும் பெண் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "பெண் பூவுக்கு அடியில குட்டியா ஒரு காய் இருக்கு பாருங்க. ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஆண் பூ காய்க்காது. எழுதிக்குங்க." பையன்கள் சிரித்தார்கள். ரெண்டு பேரை எழுப்பி நிற்க வைத்தேன்.

அப்புறம் பொருத்திப் பார்க்கும் கேள்வி. "மார்கழி வரப்போகுது. கோலத்துக்குப் பூசணிப்பூ பறிப்பீங்க. எந்தப் பூவைப் பறிக்கணும்?" கனிஷ்கா துள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஆண் பூவைங்க டீச்சர். பெண் பூவைப் பறிச்சா ஒரு காய் போச்சுங்க. ஆண் பூவைப் பறிச்சா ஒண்ணும் போகாதுங்க."

அட, என் தங்கமே! "ஒண்ணுமே போகாது. எத்தனை வேணா பறிச்சுக்க" என்றேன். எல்லோரும் வீட்டில் இந்த விதியைச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மகரந்தச் சேர்க்கை நாளைக்கு.

டிசம்பர் 11, வியாழன்

நாளைக்கு எங்கே! இன்றிலிருந்தே திண்டுக்கல்லில் பயிற்சியாம். அது முடிந்தால் அரையாண்டுப் பரீட்சை, அப்புறம் லீவு. மகரந்தச் சேர்க்கை ஜனவரிக்குப் போய்விட்டது. போகட்டும், அரையாண்டுக்கு அந்தப் பகுதி வராது.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியும் முன்னே வாசலில் கலகலவென்று சத்தம். கனிஷ்காவும் அவள் கூட்டாளிகள் நாலு பேரும் கூடையோடு நிற்கிறார்கள். கூடை நிறையப் பூசணிப்பூ. "எல்லாமே ஆண் பூதானுங்க டீச்சர். ஒரு பெண் பூகூடத் தொடலைங்க. நீங்க சொன்ன விதியைத்தான் செஞ்சு பாக்கறோம்." தெருவுக்கெல்லாம் அவர்கள்தான் கொடுக்கிறார்களாம், கோயிலுக்கும் சேர்த்து.

என் வாசலுக்கு மட்டும் கை நிறைய அள்ளி வைத்தாள். சாணிப் பிள்ளையார் தெரியவேயில்லை, பூதான் தெரிந்தது. இவர் டிப்போவுக்குக் கிளம்பும்போது கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "டீச்சரம்மா வாசல்ல மட்டும் மார்கழி கொஞ்சம் ஜாஸ்தியா பொறந்திருக்கு" என்று கிண்டலடித்தார். பொறாமை.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்றும் கூடை கூடையாகப் பூ. எதிர்வீட்டுக்காரி என் கோலத்தைப் போட்டோ எடுத்துப் போனாள். விடைத்தாள் திருத்தி முடியவில்லை. இடுப்பு ஒடிகிறது.

டிசம்பர் 27, சனி

பால் வாங்கப் போன இடத்தில் நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், ஒரு எட்டு காட்டுக்கு வந்து பாருங்க. பிஞ்சு பிஞ்சா வருது, நாலே நாள்ல மஞ்சளடிச்சு வெம்பி உழுந்துருது. ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குதுங்க."

போய்ப் பார்த்தேன். கொடி என்னவோ செழிப்பாகத்தான் ஓடியிருக்கிறது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். ஆனால் கீழே பார்த்தால் அடப்பாவமே, கோலிக்குண்டு அளவில் பிஞ்சுகள் சுருங்கிக் கிடக்கின்றன. பூச்சி இல்லை, புழு இல்லை. பார்க்கப் பகீரென்றது.

"இந்த வெள்ளாமையை நம்பித்தானுங்க கனிஷ்காவை ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்கூடத்துல சேத்தலாம்னு இருந்தேன். காய் எறங்கலீன்னா நூல் மில்லு வேலைக்கு அனுப்பிருவோம்னு அவங்கம்மா சொல்லிட்டிருக்கறா."

கனிஷ்கா மில்லுக்கா! என் வகுப்பிலேயே மூளை உள்ள பிள்ளை அவள் ஒருத்திதான். எனக்குப் பதறிவிட்டது. விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஊர் முக்கில் சவரிமுத்து கடை என்றார். "விதைதான் கோளாறு. கொடி நல்லா வந்து காய் நிக்கலைன்னா மலட்டு விதை. சந்தேகமே வேண்டாம்" என்றேன். நான் சொன்னதும் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. "டீச்சரே சொல்லிட்டீங்க, போதும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

டிசம்பர் 30, செவ்வாய்

சவரிமுத்து கடை முன்னால் கூட்டமாம், கூச்சலாம். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டார்களாம். சாயங்காலம் அந்த மனுஷனே என் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு என் சட்டையைப் புடிச்சுட்டாங்க. அதே விதை, அதே பாக்கெட்டுதான் பக்கத்து ஊர்ல பாலு காட்டுக்கும் குடுத்தேன். அங்க வந்து பாருங்க, கால் வைக்க எடமில்லாமக் காய் கெடக்குது."

மண் வேறாக இருக்கும் என்றேன். ஒரே செம்மண்தான் என்றார். தண்ணீர் வேறாக இருக்கும் என்றேன். "நீங்க படிச்சவங்க, உங்ககிட்ட நா என்னத்தைச் சொல்ல" என்று போய்விட்டார். தப்புப் பண்ணினவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

ஜனவரி 1, வியாழன்

வருஷப் பிறப்பு. இன்றைக்கும் வாசலில் பூ. கேசரி செய்தேன், கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

விட்ட இடத்திலிருந்து மகரந்தச் சேர்க்கை. நன்றாகவே எடுத்தேன் என்று நானே சொல்லிக்கொள்வேன். ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவின் சூல்முடியில் போய் ஒட்ட வேண்டும், வண்டும் தேனீயும் காலில் சுமந்துகொண்டு போகும், ஒட்டினால்தான் அந்தக் குட்டிக் காய் பெரிதாகும், ஒட்டாவிட்டால் வாடி விழும் என்று பலகையில் படம் போட்டு விளக்கினேன்.

கனிஷ்கா மெதுவாக எழுந்தாள். "டீச்சர், ஒரு காட்டுல ஆண் பூவே இல்லீன்னா?"

"காயே பிடிக்காது. எத்தனை பெண் பூ பூத்தாலும் வீண்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். அவள் உட்காராமல் அப்படியே நின்றாள். ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாப்பிடுவதே இல்லை.

ஜனவரி 7, புதன்

இன்று பூ வரவில்லை. மார்கழி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது போல. செம்பருத்தியை வைத்துச் சமாளித்தேன்.

ஜனவரி 8, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கனிஷ்கா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், எங்க காட்டுல காய் நிக்காததுக்கு வெதை காரணமில்லைங்க." அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பின்னே என்ன காரணம் என்று அதட்டினேன்.

"நாங்க தெனமும் விடியறதுக்குள்ள போயி ஒரு ஆண் பூ விடாமப் பறிச்சுட்டோமுங்க. மார்கழி ஒண்ணாந் தேதியிலிருந்து. வண்டு வர்றதுக்கு முன்னாடியே பறிச்சுருவோம். நீங்க ஆண் பூ எத்தனை வேணா பறிச்சுக்கன்னு சொன்னீங்களே, அதனால கோலத்துக்குக் கொஞ்சம் பூன்னு மட்டுந்தான் அப்பாகிட்டச் சொன்னோம். ஆண் பூவைப் பறிச்சுட்டா பெண் பூவுக்குச் சத்துக் கூடும், காய் பெருசா வரும்னு நானாவே நெனைச்சுட்டேனுங்க டீச்சர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக என் வாசலில் அள்ளி அள்ளி வைத்தேனே, அத்தனையும் அந்தக் காட்டின் காய். சவரிமுத்துவின் சட்டையைப் பிடித்தது என் வார்த்தை. ஐயோ, ஐயோ என்றுதான் வாயில் வந்தது.

அவள் அழுதுகொண்டே, "இப்ப என்னங்க டீச்சர் பண்றது?" என்றாள். "நீ யாருகிட்டயும் வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்" என்றேன். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் என்னை இப்போதும் என்னவோ செய்கிறது.

'எத்தனை வேணா' என்று நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை. முன்பக்கங்களைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை.

ஜனவரி 10, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சவரிமுத்து தோட்டக்கலை அதிகாரி ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காட்டில் பாதி ஊர் கூடிவிட்டது. என்னையும் ஆள் விட்டு அழைத்தார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர். கொடி ஓரமாகக் குனிந்துகொண்டே போனவர் நிமிர்ந்து, "ஆண் பூவெல்லாம் எங்கங்க? இந்த ரெண்டு மூணு நாள்ல பூத்ததுதான் இருக்கு. பழசெல்லாம் காம்போட கிள்ளியிருக்கே, யாரு கிள்ளுனது?" என்றார்.

கனிஷ்கா முன்னால் வந்தாள். "நாந்தானுங்க பறிச்சேன்."

"இத்தனையுமா? யாரும்மா பறிக்கச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்க்கத்தான் பார்த்தாள். நான் பாத்துக்கறேன் என்று சொன்னவள் நான். அதோ இப்போது டீச்சர் பேசப் போகிறார்கள் என்ற மாதிரி ஒரு பார்வை. பாவி, ஒரு வார்த்தை வரவில்லை.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் பறிச்சேன்" என்றாள்.

நாச்சிமுத்து பாய்ந்து வந்து விட்டாரே ஒரு அறை! பிள்ளை கொடி மேலேயே விழுந்தாள். "படிச்சுக் கிழிச்சது போதும்! இனிமே பள்ளிக்கூடத்துப் பக்கம் காலு வெச்சே, ஒடிச்சுப்போடுவேன்!" நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சவரிமுத்து ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். நான் வரப்பிலேயே நின்றேன்.

அந்த நேரத்தில் நான் எதையாவது சொல்லியிருந்தால் கலவரமாகியிருக்கும். ஆறட்டும், பொறுமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் கிண்டல் செய்யவில்லை. "நீ போயிச் சொல்லிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கை கழுவிவிட்டார்.

ஜனவரி 12, திங்கள்

கனிஷ்கா வரவில்லை.

அதிகாரி சொன்ன யோசனைப்படி, இனிமேல் பூக்கும் ஆண் பூவைக் கையாலேயே பெண் பூவில் தொட்டு வைத்தால் பாதி வெள்ளாமையாவது தேறுமாம். வகுப்பையே காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஜனவரி 13, செவ்வாய்

காலை ஆறரைக்கெல்லாம் பிள்ளைகளோடு காட்டில் இருந்தேன். ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருக்கும் தண்டைப் பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவ வேண்டும். தடவிய பூவில் நூல் கட்ட வேண்டும். பையன்கள்கூடச் சிரிக்காமல் செய்தார்கள். கனிஷ்கா அவள் அம்மாவோடு மறு ஓரத்தில் தடவிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வீக்கம் வற்றவில்லை. நிமிரும்போதெல்லாம் என்னையே பார்த்தாள். கிட்டே போய், "நல்லா பண்றியே" என்றேன். அடுத்த பூவுக்கு நகர்ந்துவிட்டாள்.

தலைமையாசிரியர் போட்டோ எடுத்தார். சாயங்காலத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிட்டது: 'விவசாயியின் பயிரைக் காத்த அறிவியல் ஆசிரியை.' கைதட்டல் படமாக வந்து குவிகிறது. அன்றைக்கு என்னைக் குறை சொன்ன அதிகாரிகூட, இதுதான் பொருத்திப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறார். போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். பார்க்கப் பார்க்கக் கூசுகிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு, பண்டிகை கழியட்டும்.

ஜனவரி 19, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. கனிஷ்கா வரவில்லை. நூல் கட்டிய பூக்களில் முக்கால்வாசி பிஞ்சு நின்றுவிட்டதாம், எலுமிச்சை அளவு வந்துவிட்டதாம். பிள்ளைகள் குதிக்கிறார்கள். நாளைக்கு நாச்சிமுத்து வீட்டுக்குப் போக வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

தலைவலி. போகவில்லை.

ஜனவரி 21, புதன்

ஊர் கூட்டமாம், தலைமையாசிரியர் இருக்கச் சொன்னார். போக முடியவில்லை. கூட்டம் நாலு மணிக்கே முடிந்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

போனேன்.

நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவில்லை. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"நாச்சிமுத்து, கனிஷ்கா மேல தப்பில்ல. ஆண் பூவை எத்தனை வேணா பறிச்சுக்கன்னு வகுப்புல சொன்னது நான்தான். பாதிப் பாடத்துல விட்டுட்டுப் போனதும் நான்தான். அவ வந்து உண்மையைச் சொன்னப்ப வாயைத் திறக்காதன்னு சொன்னதும் நான்தான்."

கத்துவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். இன்னொரு தடவை குழாயை ஊதினார். "தெரியுங்க டீச்சர்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நா அவளை அடிச்சனே, அன்னிக்குச் சாயந்திரமே தெரியும். கூடப் பறிச்ச புள்ளைங்க அழுதுட்டு வந்து சொல்லுச்சுங்க. சவரிமுத்து அண்ணங்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டேன். அப்பறம் உங்க ஊட்டுக்குத்தான் கெளம்புனேன். கனிஷ்காதான் காலைக் கட்டிக்கிட்டா. 'டீச்சர் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கறாங்கப்பா. நீ போயிக் கேட்டா அவங்களுக்கு அசிங்கம். அவங்களே வந்து சொல்லுவாங்க'ன்னா."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சரின்னு உட்டுட்டேன். நீங்களும் காட்டுக்கு வந்தீங்க. இன்னிக்குச் சொல்லிருவாங்க பாருன்னு அவ உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. நீங்க போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டீங்க. பொங்கலுக்கு வருவாங்கன்னா. பள்ளிக்கூடம் தொறந்தா வருவாங்கன்னா. நேத்து பஸ் ஏறுற வரைக்கும் ரோட்டையே பாத்துட்டிருந்தா."

"பஸ்ஸா? கனிஷ்கா எங்க?"

"தாராபுரத்துல, அவ பெரியம்மா ஊட்டுல."

எனக்கு மில்தான் ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னை என்ன வேணா பேசுங்க நாச்சிமுத்து. கோபத்துல அவ படிப்பை மட்டும் நிறுத்திராதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"படிப்பை யாருங்க நிறுத்துனாங்க? அங்க பள்ளிக்கூடத்துல பேசியாச்சு, திங்கக்கிழமை சேத்தறாங்க. எப்பாடு பட்டாவது அவளை நா படிக்க வெப்பேன். உங்ககிட்டப் படிக்கறதைத்தான் டீச்சர் நிறுத்துனேன்."

டி.சி. வாங்க எப்போது வரட்டும் என்று கேட்டார். நாளைக்கு வாங்க என்றேன். குரல் வெளியே வரவில்லை போலிருக்கிறது. என்னங்க என்று காதைக் கொடுத்தார். இன்னொரு தடவை சொன்னேன்.